ஒஸ்ரியோபதி வைத்தியம்: பெயரும் முறையும் பயனும்

இலண்டன் மாநகரில் வாழும் நமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து சில காலத்திற்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தம் அன்னையார் நாரிநோவால் வருந்துகின்றார் எனவும், அயலவர் ஒருவர் அவரை ஒஸ்ரியோபதி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுமாறு கூறுகின்றார் எனவும், அன்னையாரோ, "அது எங்கள் ஊர் முறிவு வைத்தியந்தானே? எலும்பு முறியாத எனக்கு அது எதற்கு?" என்று மறுக்கின்றார் எனவும் எழுதியிருந்தார். "ஐயா, அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன? அம்மாவுக்கு நான் அதனை எவ்வாறு விளக்குவேன்?" என்பது அவர் வினா. தமிழாசிரியனிடம் வைத்தியம் பற்றிக் கேட்டல் பொருந்துமோ என முதலில் எண்ணினேன். எனினும் அவர் கேட்டது ஒரு சொல்லை. சொல்லைக் கேட்டவிடத்து ஆசிரியன் வாளாவிருத்தல் முறையன்று. ஆதலின் கிடைத்த நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிக் கற்றேன். அவருக்கு எழுதியதனைச் சிறிது விரித்து இம்மலரிலே தருகின்றேன். வைத்தியத் துறையில் விளங்கும் பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். பிழை காணின் அவர்கள் பொறுத்துத் திருத்துவார்களாக.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஒஸ்ரியோபதி என்பது கிரேக்க மொழிச் சொற்கள் இரண்டினாலாகிய தொடர். முன்னது என்பினையும் பின்னது துன்பம் அல்லது நோயினையும் குறிக்கும். நேரே மொழிபெயர்ப்பின் "என்புநோய்" என்றாகும். இது வைத்திய முறைக்குப் பெயராதல் எங்ஙனம்? இதனைப் படைத்தவர், என்புச் சட்டகத்தை முதலாகக் கொண்டு நோயின் காரணத்தை ஆராய்தல் என்னும் கருத்திலேயே இப்பெயரை இட்டனர். பெயர் இட்டவர் கருத்து ஒன்று. கேட்பவர் கொள்ளும் பொருள் வேறொன்று. அன்னையாருக்கு உண்டாகிய மயக்கம் ஆங்கிலேயருக்கும் உண்டாவதே.

நம் நாட்டு முறிவு நெரிவு வைத்தியர், முறிந்த என்பைப் பொருத்தி, மட்டை வைத்துக் கட்டி, எண்ணெயும் பத்தும் இட்டுப் பொருந்தச் செய்பவர். வைத்தியசாலையிலுள்ள என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் அதே முறிவை எக்ஸ் கதிர்ப் படத்தாலும் உலோகத் தகட்டாலும் சீர்செய்பவர். ஒஸ்ரியோபதியார் இவ்விருவருள் ஒருவரும் அல்லர். முறிந்த என்பில் அவர் கைவைத்தலாகாது. மூட்டு, தசை, அவற்றைப் பிணைக்கும் நார் ஆகியவற்றின் அசைவைக் கையால் ஆராய்ந்து, கையாலேயே இளக்குதல் அவர் தொழில். அவ்வாறாயின் "கைவைத்தியம்" எனலாமோ எனின், அச்சொல் தமிழில் வீட்டில் இருப்பதைக்கொண்டு செய்யும் சிறு மருந்துக்கு முன்னமே உரியதாயிற்று. "என்பு வைத்தியம்" எனின் மீண்டும் முறிவு வைத்தியர் வாயிலிற் போய் நிற்போம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே தமிழ்மொழியில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்று நூலுக்கு "அங்காதிபாதம்" என்னும் பெயர் வழங்கினார். அத்தகையவர் இன்று இருந்தால் இதற்கும் ஒரு சொல் தந்திருப்பார். அதுவரை, ஹோமியோபதி என்பதை ஏற்றுக்கொண்டவாறே ஒஸ்ரியோபதி என்பதையும் ஏற்பதிற் குறைவில்லை.

இம்முறையைத் தோற்றுவித்தவர் அன்றூ ரெயிலர் ஸ்ரில் என்னும் அமெரிக்கர். 1828-ஆம் ஆண்டு வேர்ஜீனியா மாநிலத்திற் பிறந்தவர். தந்தையார் மெதடிஸ்த போதகரும் வைத்தியருமாவர். மகனும் தந்தையாருடன் நோயாளர் இல்லங்களுக்குச் சென்று, அக்கால வழக்கப்படி பழக்கத்தால் வைத்தியம் கற்றார். தமக்கு ஏறக்குறையப் பத்து வயதானபோது நிகழ்ந்ததொன்றை அவர் தமது வாழ்க்கை வரலாற்றிலே கூறுகின்றார். ஒருநாள் தலைவலி மிக்கபோது, தந்தையாரின் ஏர்க்கயிற்றை இரு மரங்களுக்கிடையே ஊஞ்சலாகக் கட்டி, அதனைத் தரைக்குச் சில அங்குல உயரத்தில் தாழ்த்தி, போர்வையொன்றை அதன்மேல் இட்டு, கழுத்தை அதிற் சாய்த்துப் படுத்தாராம். உறங்கி எழுந்தபோது தலைவலி நீங்கியிருந்ததாம். பின்னாளில் தம் முறைக்கு இதனையே வித்தாக அவர் கொண்டார். தலைவலி உறக்கத்தாலும் நீங்கும் என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரு மனிதர் தம் வாழ்வின் தொடக்கத்தை எங்கே காண்கின்றார் என்பதும் அறியத்தக்கதே.

உண்மையான தொடக்கம் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டில், மூளையையும் முண்ணாணையும் போர்த்துள்ள மென்சவ்வு அழற்சியுறும் கொடிய காய்ச்சல் கன்சாஸ் மாநிலத்தில் அவர் இல்லத்துட் புகுந்தது. பிள்ளைகள் மூவர் இறந்தனர். அவர் தாமே வைத்தியர். வேறு வைத்தியர்களும் அருகில் நின்றனர். செய்யத்தக்கனவெனக் கருதப்பட்ட யாவும் செய்யப்பட்டன. ஒன்றும் பயன்படவில்லை.

அக்காலத்து மேனாட்டு மருந்துகள் எத்தன்மையன என்பதையும் நினைத்தல் வேண்டும். இரசம் கலந்த கலோமல் என்னும் மருந்தைப் பல் ஆடி விழுமளவும் கொடுத்தனர். குருதியை வாங்கினர். அபினும் மதுவும் மருந்தென வழங்கின. கிருமியே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை அக்காலத்தில் வேரூன்றவில்லை. இந்நிலையில் மருந்தின்மீது நம்பிக்கை இழந்த தந்தை ஒருவர், மருந்தில்லா வழியொன்றைத் தேடப் புறப்பட்டது வியப்பன்று.

அவர் என்புகளைக் கற்கத் தொடங்கினார். அந்நாட்டு ஆதிக்குடிகளின் புதைகுழிகளைத் தோண்டி எடுத்த என்புகளையும் கொண்டே கற்றார் என அவரே எழுதியுள்ளார். இக்காலத்தில் எவரும் ஒப்பாத செயல். பத்தாண்டு இவ்வாறு கழிந்தபின், 1874-ஆம் ஆண்டு யூன் மாதம் 22-ஆம் நாளைத் தம் கொள்கை பிறந்த நாளாக அறிவித்தார். அக்கொள்கையின் சாரம் இது: உடம்பு தனித்தனி உறுப்புக்களின் கூட்டமன்று, ஒரு முழுமை, தன்னைத் தானே சீர்செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு, உறுப்பின் அமைப்பும் அதன் தொழிலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன, குருதியும் நரம்பின் செயலும் தடையின்றி ஓடுமாயின் அவ்வாற்றல் தன் கடனைச் செய்யும். ஆகவே வைத்தியன் கடமை, அமைப்பிலுள்ள தடையைக் கண்டு நீக்கலே என்றார். குடும்பத்தாருடன் நிலம் அளித்துத் தாம் நிறுவ உதவிய பேக்கர் பல்கலைக்கழகத்திலேயே இக்கொள்கையை எடுத்துரைக்க அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் என்னும் சிற்றூருக்குச் சென்று குடியேறினார். 1892-இல் அங்கே இரண்டு அறைகள் கொண்ட மரவீடொன்றில் முதலாவது ஒஸ்ரியோபதிக் கல்லூரி தோன்றியது. பெண்களைப் பல வைத்தியக் கல்லூரிகள் சேர்க்க மறுத்த அக்காலத்தில் இக்கல்லூரி முதல் வகுப்பிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோவிற் பயின்ற வில்லியம் சிமித் என்னும் வைத்தியர் உடற்கூற்றியலைக் கற்பித்தார்.

பின்னர் நிகழ்ந்தது நீண்ட வழக்கு. 1896-இல் வேர்மொன்ற் மாநிலம் முதன்முதலாக இவ்வைத்தியருக்குச் சட்ட இடம் அளித்தது. 1901-இல் எழுத்தாளர் மார்க் ருவெயின், நியூயோர்க் மாநிலச் சட்டமன்றக் குழுவின்முன் தோன்றி ஒஸ்ரியோபதியாருக்காகப் பேசினார். தன் உடம்பை யாரிடம் ஒப்புவிப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்பது அவர் வாதம். மறுபுறம், 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை ஒஸ்ரியோபதிக் கல்லூரிகளையும் கடிந்துரைத்தது. அக்கடிதலினால் விளைந்த நன்மை பெரிது. அவை ஆய்வுகூடமும் மருத்துவமனையும் அமைத்து, மருந்தியலையும் பாடத்திற் சேர்த்தன.

இங்கே வாசகர் ஒன்றை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பிள்ளைகள் மேனாடுகளில் வாழும் பெற்றோருக்கு இது பெரிதும் பயன்படும். அமெரிக்காவில் இன்று ஒஸ்ரியோபதிப் பட்டம் பெற்றவர் முழு வைத்தியர். மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம், எந்தத் துறையிலும் நிபுணராகலாம். 1962-இல் கலிபோர்ணியாவில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அம்மாநிலத்து இரு வைத்தியச் சங்கங்களும் ஒன்றாக, 65 டொலர் கட்டணம் செலுத்திய ஒஸ்ரியோபதியார் ஆயிரக்கணக்கில் ஏனைய வைத்தியருக்குரிய பட்டத்தைப் பெற்றுக்கொண்டனர். அன்றுவரை இவர்கள் கல்வி குறைந்தவர் என வாதிட்டவர்கள் 65 டொலரில் அக்குறை எவ்வாறு நிரம்பிற்று என்பதை விளக்கினாரல்லர்! 1966 முதல் அமெரிக்க இராணுவமும் இவர்களை வைத்திய அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டது. 2020 முதல் பட்டத்திற்குப் பிந்திய மருத்துவமனைப் பயிற்சியும் இருசாராருக்கும் ஒரே ஒழுங்கின்கீழ் நடைபெறுகின்றது. விந்தை யாதெனின், இவர்களுட் பலர் ஸ்ரில் கற்பித்த கைமுறைச் சிகிச்சையை இன்று அருகியே கையாளுகின்றனர்.

பிரித்தானியாவில் நிலை வேறு. ஸ்ரிலிடம் கற்ற யோன் மாட்டின் லிற்றில்யோன் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1917-இல் இலண்டனிலே கல்லூரி நிறுவினார். அங்கே ஒஸ்ரியோபதியார் மருந்து எழுதும் வைத்தியர் அல்லர்; கையாற் சிகிச்சை செய்பவர் மாத்திரமே. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தோன்றிய பொது ஒஸ்ரியோபதிச் சபையிற் பெயர் பதிந்தவரே அப்பெயரைத் தாங்கலாம். பதியாதார் தாங்குதல் குற்றம். பெயர் ஒன்றாயினும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரையிலும் பொருள் இரண்டு. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஒரு சொல்லே இருபொருள் தரும் இடங்களைக் கற்பித்துப் பழகிய எனக்கு இது விளங்கச் சிறிதும் கடினமாயிருக்கவில்லை.

இனி, அவரிடம் சென்றால் என்ன நிகழும்? முதலிலே கையன்று, வினாவே. நோவு எப்போது தொடங்கிற்று, எவ்வேளையில் மிகுகின்றது, கால்வரை இறங்குகின்றதோ, உறக்கம் எப்படி, என்ன தொழில், முன்னர் என்ன நோய், என்ன மருந்து உட்கொள்கின்றீர் என்றெல்லாம் கேட்பார். பின்னர் நிற்கவும் குனியவும் திரும்பவும் சொல்லி முள்ளந்தண்டின் அசைவை நோக்குவார். நாரியில் நோவெனினும் இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவற்றையும் பார்ப்பார். உடம்பு ஒரு முழுமை என்னும் கொள்கையின் பயன் இது. சிகிச்சை பலவகைப்படும். தசையை அழுத்தி நீவி இளக்குதல் ஒன்று. மூட்டை அதன் எல்லைக்குள் மெல்ல மெல்ல அசைத்தல் ஒன்று. நோயாளி தம் தசையை இறுக்க, வைத்தியர் அதனை எதிர்த்துத் தாங்கி, இறுக்கம் விட்டவுடன் சிறிது நீட்டுதல் மற்றொன்று. சடுதியாகச் சிறு தள்ளுத் தள்ளுதலும் உண்டு. அதன்போது "டக்" என ஓசை எழும்.

அவ்வோசையைப் பற்றி ஒரு சொல். விலகிய என்பு தன் இடத்தில் வந்து பொருந்திய ஓசை அது எனப் பலர் எண்ணி மகிழ்வர். அவ்வாறன்று. மூட்டினுள் இருக்கும் நீர்மத்தில் அமுக்கம் சடுதியாகக் குறையவே அங்கே வாயுக்குழி ஒன்று தோன்றுகின்றது. அதன் ஓசையே அது. பரீட்சைக்கு முன் மாணவர் விரல் நெட்டி முறிக்கும்போது எழுவதும் இதுவே. ஓசை எழுந்தது கொண்டு சிகிச்சை பலித்தது எனவும், எழாமை கொண்டு பலிக்கவில்லை எனவும் கொள்ளலாகாது.

பயன் உண்டோ என்பதே தலையாய வினா. இதற்கு விடை, ஆர்வலர் கூறுமளவும் இல்லை, பழிப்பவர் கூறுமளவு சிறிதுமன்று. மூன்று ஆராய்ச்சிகளைக் கூறுவேன். 1999-இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், மூன்று வாரத்திற்கு மேல் ஆறு மாதத்திற்கு உட்பட்ட நாரிநோவுடையார் 178 பேர் இருகூறாக்கப்பட்டனர். ஒருகூற்றினர் வழமையான வைத்தியமும் மறுகூற்றினர் ஒஸ்ரியோபதிக் கைமுறையும் பெற்றனர். பன்னிரு வாரத்தின் பின் இருசாராரும் ஏறக்குறைய ஒரேயளவு நலமடைந்தனர். ஆனால் கைமுறை பெற்றவர் உட்கொண்ட மருந்து குறைவு. 2004-இல் பிரித்தானியாவில் 1,334 பேரை வைத்து நிகழ்ந்த ஆராய்ச்சியில், கைமுறையும் தேகப்பயிற்சியும் சேர்ந்து பெற்றவர் ஓரளவு மிகுந்த நலம் கண்டனர். ஓராண்டின் பின் அந்நலம் சிறிதாயிற்று. 2021-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆராய்ச்சியில் 400 பேருள் ஒருசாராருக்கு மெய்ச் சிகிச்சையும் மறுசாராருக்கு அதுபோற் காட்டும் போலித் தொடுகையும் அளிக்கப்பட்டன. மெய்ச்சிகிச்சை பெற்றவர் மூன்று மாத முடிவில் சிறிதே மேம்பட்டனர். அச்சிறுமை நோயாளியின் நாளாந்த வாழ்வில் உணரத்தக்கதோ என ஆராய்ச்சியாளரே ஐயுற்றனர்.

இவற்றால் அறியத்தக்கது யாது? நாரிநோவுக்கு ஒஸ்ரியோபதி ஏனைய நல்ல வழிகளுக்கு நிகரான ஒருவழி. அவற்றை வெல்லும் வழியன்று. பிரித்தானிய அரசுசார் வழிகாட்டி நிறுவனமும் 2016-இல், கைமுறைச் சிகிச்சையைத் தனித்தன்றித் தேகப்பயிற்சியோடு சேர்த்தே கையாளலாம் என்றது. அன்றியும் புதிதாகத் தோன்றிய நாரிநோவு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது. அக்காலத்தில் எதனைச் செய்தோமோ அதனையே புகழ்ந்துகொண்டிருப்போம். யான் இருபதாண்டுக்கு மேலாகக் கொப்பிகள்மேற் குனிந்திருந்து தேடிக்கொண்ட நாரிப்பிடிப்புக்கு ஒருவர் வேப்பெண்ணெயும் மற்றொருவர் தவிட்டொத்தடமும் கூறினர். இரண்டும் பலித்தன, ஒன்றும் செய்யாத மறுமுறையும் பலித்தது!

எனினும் போலித் தொடுகையாலும் நலம் உண்டாயிற்று என்பதைச் சிறிது நின்று நோக்கல் வேண்டும். அரைமணி நேரம் ஒருவர் அமர்ந்து நம் நோவைக் கேட்பதும், அஞ்சி அசையாதிருந்த இடத்தை மெல்ல அசைத்துக் காட்டுவதும், "உமது முள்ளந்தண்டு உடைந்துவிடாது, நடவும்" என்று துணிவு கூறுவதும் வெறும் பகட்டல்ல. நாரிநோவில் அச்சம் ஒரு பெரும்பங்கு. அஞ்சிப் படுத்தவன் தசை தளர, நோவு மிகும். அந்த அச்சத்தை நீக்குபவர் யாராயினும் அவர் வைத்தியம் செய்தவரே.

நாரியும் கழுத்தும் விட்டு அப்பாற் செல்லின் சான்று மெலிகின்றது. குழந்தையின் அழுகை, ஆஸ்துமா, காதுநோய் என்பனவற்றுக்கும் இது நன்று எனச் சிலர் கூறுவர். மண்டையோட்டின் என்புகளை மெல்லத் தொட்டுச் சீர்செய்தல் என்றொரு கிளையும் உண்டு. ஸ்ரிலின் கல்லூரியிற் கற்ற வில்லியம் கார்னர் சதர்லண்ட் தோற்றுவித்தது. இவற்றுக்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. ஸ்ரிலின் பிள்ளைகளைக் கொண்டுசென்ற அந்தக் காய்ச்சலையும் ஒஸ்ரியோபதி தீர்த்ததன்று. 1930-களில் வந்த சல்பா மருந்துகளும், பின்னர் பெனிசிலினும், அதன்பின் தடுப்பூசிகளுமே அதனை அடக்கின. 1917-இல் இறந்த அவர் இவற்றுள் ஒன்றையும் கண்டிலர். எந்தத் துயர் அவரை மருந்தினின்றும் விலக்கிற்றோ, அத்துயருக்கு மருந்தே விடையாயிற்று. அவர் கண்ட வழியோ நாரிநோவுக்கே பெரிதும் எஞ்சி நிற்கின்றது.

கைவைக்கத் தகாத இடங்களைக் கூறும்போது என் இல்லத்து நிகழ்ச்சியொன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. என் தமையனாருக்கு நாரிநோவு வந்தது. தோட்டவேலையால் வந்தது எனக் கொண்டோம். படுத்தாலும் நீங்கவில்லை, நள்ளிரவில் எழுந்து முற்றத்தில் நடப்பார். உடம்பும் மெலிந்தது. நாமோ எண்ணெய் பூசி உருவுவித்துக்கொண்டிருந்தோம். ஐந்து மாதம் இவ்வாறு கழிந்தபின் வைத்தியசாலையிற் படம் பிடித்தபோது முள்ளந்தண்டிற் பரவிய புற்றுநோய் எனக் கண்டனர். உருவியவரிற் பிழையில்லை. மெலிவையும் இரவுநோவையும் அவருக்கு நாம் சொல்லவில்லை. அவை சொல்லத்தக்கன என்பதை அறியாமலிருந்தோம்.

ஆதலின் அறிந்துகொள்க. நாரிநோவுடன் காய்ச்சல், காரணமின்றி மெலிதல், படுத்தும் தணியாத இரவுநோவு, முன்னர்ப் புற்றுநோய் இருந்தமை, விழுந்தபின் தொடங்கிய நோவு என்பவற்றுள் ஒன்று இருப்பினும் முதலில் வைத்தியரைக் காணல் வேண்டும். சிறுநீர் மலம் தடைப்படுதல் அல்லது அடங்காது கழிதல், இருகாலும் சோர்தல், தொடையிடையே மரத்தல் ஆகியன தோன்றின் ஒருநாளும் தாழ்க்கலாகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. என்பு தேய்ந்த முதியோருக்கும், குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் சடுதியான தள்ளு ஏற்றதன்று. கழுத்தைச் சடுதியாகத் திருப்பும் முறையால், மிக அரிதாயினும், மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்து பாரிசவாதம் நேர்ந்தமை பதிவாகியுள்ளது. வேண்டாம் எனச் சொல்ல நோயாளிக்கு உரிமையுண்டு. நல்ல ஒஸ்ரியோபதியார் அதற்கு முகங்கோணார்.

நமது மாணவருக்கு இவற்றைச் சுருக்கி எழுதினேன். முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டுமாறும், பின்னர்ப் பதிவுபெற்றவரிடம் செல்லுமாறும், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போகுமாறும் கூறினேன். மூன்று மாதத்தின் பின் மறுமொழி வந்தது. குடும்ப வைத்தியர் என்பின் அடர்த்தியை அளந்து தேய்வு உண்டெனக் கண்டு மருந்து தொடங்கினாராம். அதனை அறிந்த ஒஸ்ரியோபதியார் தள்ளு முறையை விலக்கி, தசையை மாத்திரம் இளக்கி, கதிரையினின்று எழும் வகையையும் நாள்தோறும் நடக்கும் அளவையும் பழக்கினாராம். நோவு முற்றாக நீங்கவில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் அன்னையார் தாமே கோயிலுக்கு நடந்து செல்கின்றாராம். கடித முடிவிலே, "ஐயா, தமிழ்ச் சொல் கேட்டேனே, அம்மாவே ஒன்று வைத்துவிட்டார்" என்று எழுதியிருந்தார். அயலவர் கேட்டால் அன்னையார், "பிடிச்சுப் பழக்கிற வைத்தியத்துக்குப் போறன்" என்கின்றாராம்.